மலை ஏறாத பங்குனி

மலைக்குப் போகும் யோசனை ஒருநாளும் என்னுடையதாக இருந்ததில்லை. எனக்கு இலுப்பூரில் உரக்கடை. யூரியாவும் பூச்சிமருந்தும் விற்கிறவனுக்குக் காட்டுப்பூ பார்க்க என்ன வேலை? இதை வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறேன். என் மனைவி அதற்குப் பதில் சொன்னதே கிடையாது. தூக்குவாளியில் புளிச்சோற்றை அமுக்கி வைத்து மூடிவிட்டு, "செருப்ப மாத்துங்க, அந்த ரப்பர் செருப்பு பாறையில வழுக்கும்" என்பாள். அதுதான் பதில்.

அவள் கிராமத்து நர்ஸ். சப்சென்டரில் இருந்துகொண்டு நாலைந்து ஊர்களுக்குத் தடுப்பூசி போட நடக்கிற வேலை. அதில் ஒரு ஊர் மலைக்கு அந்தப் பக்கம். சுற்றிக்கொண்டு போக ஒரு பஸ் உண்டு. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் அவசரமென்றால் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடு மேய்க்கிறவர்கள் போட்ட தடத்தில் மலையை ஏறி இறங்கிவிடுவாள். எங்களுக்குக் கல்யாணமான மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, ஒரு பங்குனி மாதம், அப்படிப் போய்விட்டு வந்தவள் கைகால்கூடக் கழுவாமல் கடைக்கே வந்து நின்றாள்.

"மலையில காசா பூத்திருக்குங்க. அம்புட்டும் நீலம். நீங்க வந்து பாக்கணும்."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரி சரி என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம், ஒரு பங்குனிகூடத் தவறாமல் போனோம்.

புத்தகத்தில் காயா என்று எழுதுவார்கள். எங்கள் பக்கம் காசா மரம். உயரமில்லாத மரம், கரும்பச்சை இலை, இரும்பு மாதிரி விறகு. மற்ற நாளில் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். பங்குனியில் ஒரு கோடைமழை விழுந்ததும் கொம்புகளில் பொட்டுப் பொட்டாக மொட்டு வரும். காம்பு நீட்டிக்கொண்டு வராது, கொம்பின் தோலிலேயே ஒட்டிக்கொண்டு வரும். விரிந்தால் மரத்துக் கொம்பெல்லாம் நீல எறும்பு மொய்த்தது போல இருக்கும். மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். அப்புறம் உதிர்ந்துவிடும். அதனால் தேதி குறித்துப் போக முடியாது. மழை விழுந்த நாளிலிருந்து என் மனைவி விரலை மடக்குவாள். எட்டாம் நாள் விடிவதற்குள் எழுப்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்துவராவிட்டால் லீவு போடுவாள். என் கடையையும் சாத்த வைப்பாள்.

கீழே கண்மாய்க் கரையில் பஸ் இறக்கிவிடும். அங்கிருந்து தடம். முதலில் வெப்பாலை வெள்ளையாகப் பூத்து நிற்கும், அதற்கப்புறம் நுணா, புதர்களுக்குள் காட்டுமல்லி. வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் நுணாப்பூ வாசம் மூக்கை அடைக்கும். பாதி மலையில் இரண்டு பெரிய பாறைக்கு இடையில் ஒரு சரிவு. காசா மரங்கள் அங்கேதான், முப்பது நாற்பது இருக்கும், கூட்டமாக. அதற்கு மேலே உச்சியில் ஒரு நட்டுவைத்த கல், அதற்குப் பேர் சாமி. காவல் சாமி என்பார்கள். எண்ணெய் காட்டி எத்தனை காலம் ஆயிற்றோ.

அந்த மரங்களுக்குக் கீழே வந்ததும் என் மனைவி பேச்சை நிறுத்திவிடுவாள். ஒரு மரத்தின் கிட்டே போய் நிற்பாள், அடுத்ததற்குப் போவாள், திரும்ப முதல் மரத்துக்கே வருவாள். பறிக்க மாட்டாள். ஒரு மணி நேரமாவது இது நடக்கும். நான் பாறை நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றைத் திறப்பேன். முழங்கால் வலிக்கிறது என்பேன். குரங்கு வருகிறது என்பேன். பிற்பாடு செல்போன் வந்ததும் அதை நோண்டிக்கொண்டிருந்தேன், மலைமேல் டவர் நன்றாகக் கிடைக்கும். அவள் நடுவில் கூப்பிடுவாள். "இங்கிட்டு வந்து இதப் பாருங்களேன்." எழுந்து போய்ப் பார்ப்பேன். "ஆமா, நல்லாருக்கு" என்பேன். வந்து உட்கார்ந்துவிடுவேன். இருபத்து மூன்று வருஷத்தில் நான் அந்தப் பூவைப் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு சினிமா பார்க்கும் நேரம்கூட வராது.

அவள் ரிட்டையர் ஆன வருஷம்தான் கண் சமாச்சாரம் தெரிந்தது. முதலில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டாள். நான் திட்டினேன், கவனமில்லை என்று. அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஊர் ஊராகப் போய் மற்றவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவள் தன் கண்ணைக் காட்டவில்லை. தை மாதம் திருச்சியில் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்றார். ஓரப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது, மிச்சமிருப்பது நடுவில் கொஞ்சம். வளையல் வழியாகப் பார்ப்பது போல என்று அவளே எனக்கு விளக்கினாள். வளையலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது நன்றாகத் தெரியும், சுற்றிலும் ஒன்றுமில்லை.

"போன பார்வை திரும்பாதும்மா. இருக்கிறதத் தக்க வைக்கத்தான் மருந்து. லேட்டா வந்திருக்கீங்க. எத்தன நாளைக்கி நிக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

நான் அதில் 'தக்க வைக்க' என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டேன். அவள் நர்ஸ். 'லேட்டா' என்பதை எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். பஸ் கீரனூரைத் தாண்டியது. அப்புறம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே, "இந்த வருசம் ரெண்டு தடவ போவோங்க, மொட்டுல ஒரு தடவ, பூவுல ஒரு தடவ" என்றாள். போவோம் என்றேன். அன்றைக்கு உண்மையாகத்தான் சொன்னேன்.

மாசி மாதம் என் பங்காளி ஒருவன் செத்துப்போனான்.

நெருங்கிய பங்காளி இல்லை. என் அப்பாவுக்குப் பெரியப்பா வழியில் பேரன். எங்களுக்கும் அவனுக்கும் பொதுக்கிணறு ஒன்று இருந்தது. யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்பதில் தகராறு வந்து, பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. கல்யாண வீட்டில் எதிரெதிரே இலை போட்டால் எழுந்து வேறு பந்திக்குப் போகிற அளவுக்குப் பகை. ஆனால் பங்காளி பங்காளிதான். சாவுக்குப் போனேன். நான் பந்தலுக்குள் நுழையும்போது பின்னால் எவனோ சொன்னது காதில் விழுந்தது.

"வந்துட்டாரு பாரு. உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும்."

யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பேன், அது இன்னும் கேவலமாகியிருக்கும். அந்தப் பேச்சு மட்டும் பதினாறு நாளும் எனக்குள் கிடந்து அரித்தது.

எங்கள் வகையறாவில் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் மலை ஏறக் கூடாது. கொடிமரம் உள்ள கோயிலுக்குள் போகக் கூடாது, மலை மேல் கால் வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு வருஷம். தூரத்துப் பங்காளி என்றால் மூன்று மாதம், சில பேர் பதினாறோடு முடித்துக்கொள்வார்கள். கருமாதி முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் எங்கள் வகையறாவில் மூத்தவர் ஒவ்வொருவராகக் கேட்டார், எத்தனை நாள் அனுசரிக்கிறீர்கள் என்று. இது சும்மா ஒரு வழக்கம். பதினாறு என்றார்கள், மூன்று மாதம் என்றார்கள். என் முறை வந்தது.

"நான் ஒரு வருசம் அனுசரிக்கிறேன். என் வீட்ல மலை ஏற மாட்டோம்."

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. மூத்தவர் என் தோளைத் தட்டினார். "இது மனுசன் பேச்சு" என்றார். பகையாளிக்குத் துக்கம் காத்த பெரிய மனுஷன் என்று இரண்டு நாள் ஊரில் பேச்சாகக் கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது அப்போதுதான். பெண்கள் பந்தியில் உட்கார்ந்திருந்த என் மனைவி இதைக் கேட்டாள். சாப்பிடாமல் எழுந்து கை கழுவினாள் என்று பிற்பாடு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. பங்குனி பிறந்து ஐந்தாம் நாள் மழை பெய்தது, நல்ல மழை. தாழ்வாரத்தில் நின்று கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலை மடக்கினாள். நான் பார்க்காதது போல உள்ளே போய்விட்டேன். ஏழாவது நாள் சாயங்காலம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, நாளைக்கிப் போயிட்டு வந்துருவோமா?"

"எங்கிட்டு?"

"எங்கிட்டுன்னு தெரியாதா ஒங்களுக்கு?"

"தீட்டுல மலை ஏறச் சொல்றியா? அத்தன பேருக்கு முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அது என்ன பழனியா? மேல ஒரு கல்லு கெடக்கு. அதுக்கு வெளக்குப் போடக்கூட ஆளில்ல."

"கல்லா இருந்தாலும் சாமி சாமிதான்."

"சரி, இருக்கட்டும். நாம ஏன் மேல போறோம்? காசாக் காட்டோட திரும்பிருவோம். பாதி மலைதானே."

"பாதி மலையும் மலைதான். யாராச்சும் ஆடு மேய்க்கிறவன் பாத்துச் சொன்னா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

முகத்தை நேராக என் பக்கம் வைத்திருந்தாள். நேராக வைத்தால்தான் நான் அவளுக்குத் தெரிவேன்.

"அடுத்த வருசம் வரைக்கும் என் கண்ணு நிக்குமான்னு தெரியலீங்க."

"நிக்கும். சொட்டு மருந்த நேரத்துக்குப் போடு, நிக்கும். எல்லாம் டாக்டர் சொன்னாருல்ல?"

"அவரு அப்படிச் சொல்லலீங்க."

எனக்கு அவர் சொன்னது நன்றாகத் தெரியும். ஞாபகமில்லாமல் பேசவில்லை. தெரிந்தே பேசினேன். கத்தினேன்கூட. பகையாளி செத்த சந்தோஷத்தில் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மலையில் உல்லாசம் போனான் என்று சொல்ல மாட்டானா என்று கேட்டேன். உன் பூவுக்காக நான் ஊரில் தலை குனிய வேண்டுமா என்றும் கேட்டேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு, "சரிங்க" என்று உள்ளே போனாள். தனியாகப் போக அவளால் முடியாது. வளையல் வழியாகப் பார்த்துக்கொண்டு பாறையில் கால் வைக்க முடியாது, ஒரு கை வேண்டும். மகள் கோயம்புத்தூரில். வேறு யாரையாவது கூப்பிட்டால் என் வார்த்தை கெடும். அதனால் அவள் யாரையும் கூப்பிடவில்லை.

மறுநாள் கடைக்குப் போன எனக்கு வியாபாரம் ஓடவில்லை. மலையடிவாரத்து ஊரிலிருந்து உரம் வாங்க ஒருத்தர் பைக்கில் வந்தார். அவரிடம் என் போனைக் கொடுத்து, காசாக் காடு வரைக்கும் போய்ப் பூவைப் படம் எடுத்து வரச் சொன்னேன். சும்மா, வீட்டில் கேட்டார்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் போய் எடுத்துவந்தார். நான் பெரிய சமர்த்து செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

போனை மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளினாள்.

"இது நீலமே இல்லீங்க" என்றாள். "கத்தரிப்பூக் கலரா இருக்கு. போன்ல அது வராது போலருக்கு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லா எடுத்திருக்காரு" என்று சேர்த்துச் சொன்னாள். எனக்காகச் சொன்னது. நாலாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "இன்னைக்கி உதிர்ந்திருக்கும்" என்றாள். அத்தோடு அந்த வருஷத்துப் பேச்சு முடிந்தது.

வைகாசி கடைசியில், கடையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவனின் மூத்த மகன் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். கொடைக்கானல். மனைவி, பிள்ளைகள், மச்சினன் குடும்பம், எல்லோரும் தொப்பி போட்டுக்கொண்டு, பின்னால் மேகம். அப்பா போய் நாலு மாதம் நிறையவில்லை. அவனுக்கே போன் போட்டேன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டோடு நான் பேசிய முதல் பேச்சு அது.

"மலை ஏறலாமா தம்பி? அப்பாவுக்கு வருசம் திரும்பலியே?"

"நாங்க சாமி கும்பிடப் போகலியே சித்தப்பா. டூர்தானே. கார்லதான் போனோம், ஏறலியே" என்றான் அவன். குரலில் வருத்தமும் இல்லை, கிண்டலும் இல்லை. நிஜமாகவே அப்படி நினைக்கிறான். "நீங்க ஒரு வருசம் அனுசரிக்கிறதா சொன்னாங்க. எதுக்குச் சித்தப்பா ஒங்களுக்கு அந்தச் செரமம்?" என்று கேட்டான்.

அன்றைக்குச் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து குதித்தேன். பெற்ற மகனுக்கு இல்லாத துக்கம், வெட்கம் கெட்ட பயல், கொடைக்கானல் என்ன பள்ளத்திலா இருக்கிறது என்று என்னென்னவோ சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தண்டாக முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துப் பார்த்து ஆய்ந்தாள்.

"அவங்க அப்பாவுக்கு அவங்க எப்படியோ இருந்துட்டுப் போறாங்க. நீங்க எதுக்குக் கத்துறீங்க?" என்றாள்.

அந்த இடத்திலாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பூவும் முடிந்துவிட்டது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேலும் ஒன்று, சொன்ன சொல்லை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அவன் போனால் என்ன, நான் காப்பாற்றுவேன் என்று இன்னும் முறுக்கிக்கொண்டேன். என் புத்தி அப்படி.

அந்த வளையல் மாதாமாதம் சிறுத்தது. புரட்டாசியில் பேப்பர் படிப்பதை விட்டாள். கார்த்திகையில் அரிசியில் கல் பொறுக்குவதை விட்டாள். விட்டேன் என்று சொல்ல மாட்டாள், செய்யாமல் இருப்பாள். அவளுக்கு மூன்று சொட்டு மருந்து. சீசாக்கள் ஒரே மாதிரி இருக்கும், மூடியில்தான் வித்தியாசம். ஒன்றுக்கு மஞ்சள் மூடி, ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு நீலம். எது எந்த நேரத்துக்கு என்று மூடியை வைத்துத்தான் எடுப்பாள். மார்கழியில் ஒருநாள் காலை மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இதுல நீல மூடி எதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

வாசலில் நல்ல வெயில். சீசாக்கள் பளிச்சென்று இருந்தன. நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டாள், அடுத்த தடவை தடவிப் பார்த்து எடுக்க. நர்ஸ் மூளை, உடனே வழி கண்டுபிடித்துவிட்டது. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மார்கழி முடிய இரண்டு வாரம், தை, மாசி, அப்புறம் பங்குனி. வாழ்க்கையில் நான் அப்படி நாள் எண்ணியதில்லை. அந்த ஆளுக்குத் தலைத்திவசம் வருவதற்கு இன்னும் ஐம்பது நாளுக்கு மேல் இருந்தது. அதற்கப்புறம்தான் எனக்கு மலை.

சாமி கும்பிட்டேன். வீட்டுக்குள்ளேயே, மாடத்துக்கு முன்னால். இந்த ஒரு பங்குனி வரை நிறுத்தி வை என்று கேட்டேன். போன பங்குனியில் கைக்கு எட்டியதை நானே தட்டிவிட்டு, இந்தப் பங்குனிக்குச் சாமியிடம் கையேந்துகிறேனே என்று கும்பிடும்போதே தோன்றியது. கும்பிட்டதும் பலிக்கவில்லை. தைக் கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது என்றாள். கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தெரியும். யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

மாசியில் திவசம் கொடுத்தார்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மூத்தவர் மறுபடி தோளைத் தட்டினார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க" என்றார். எனக்கு அந்தக் கையைத் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை, சிரித்தேன்.

பங்குனி எட்டாம் தேதி மழை. இந்தத் தடவை நான்தான் விரல் மடக்கினேன். எட்டாம் நாள் விடிவதற்கு முன்பு அவளை எழுப்பினேன். புளிச்சோறு நானே கிளறினேன், உப்பு கூடிவிட்டது.

"எதுக்குங்க?" என்றாள்.

"போவோம். தீட்டுத்தான் போயிருச்சே."

வர மாட்டேன் என்று சொல்லவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். முதல் பஸ்ஸில் போய்க் கண்மாய்க் கரையில் இறங்கினோம். கையைப் பிடித்துக்கொண்டேன். தடத்தில் ஏற ஆரம்பித்ததும் தெரிந்தது, கையைப் பிடித்திருப்பது எனக்குத்தான் தேவையாக இருந்தது. முப்பது வருஷம் ஏறிய கால் அவளுடையது. "இங்க ஒரு வேரு இருக்கும், பாத்து" என்று எனக்குச் சொன்னாள். வெப்பாலை வந்ததும் நின்றாள், நுணாவில் நின்றாள், வாசம் பிடித்தாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பரவாயில்லை, வாசமாவது இருக்கிறதே என்று நினைத்தேன்.

இரண்டு பாறைக்கும் நடுவில் திரும்பினோம். காசா பூத்திருந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை வருஷத்தில் அப்படிப் பூத்து நான் பார்த்ததில்லை. அல்லது அத்தனை வருஷமும் அப்படித்தான் பூத்ததோ, எனக்குத் தெரியாது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியிலிருந்து நுனி வரை ஒரு கொம்பு மிச்சமில்லை. தேனீ இரைச்சல் மோட்டார் ஓடுவது மாதிரி இருந்தது.

"பூத்திருக்கு" என்றாள் அவள். இரைச்சலை வைத்துச் சொல்லியிருப்பாள்.

காசாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசம் கிடையாது. அவளை மரத்துக்குக் கிட்டே கூட்டிப்போய்க் கையைக் கொம்பில் வைத்தேன். விரல் நுனியால் தடவினாள், உதிர்ந்துவிடாமல், குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி. கொஞ்சம் கழித்துக் கையை எடுத்துவிட்டாள்.

"எப்படி இருக்கு, சொல்லுங்க."

"நல்லா பூத்திருக்கு. எல்லாக் கொம்புலயும் இருக்கு. நீலமா."

"எந்த நீலம்?"

யோசித்தேன். "வெள்ளைத் துணிக்குப் போடுவோமே, சொட்டு நீலம், அது."

"அது இல்லீங்க."

"பள்ளிக்கூடத்துப் பாவாடக் கலரு?"

"அது அடிக்கிற நீலம். இது அப்படி இருக்காது." பொறுமையாகத்தான் கேட்டாள். "மொட்டு என்ன கலர்ல இருக்கு? பூவும் மொட்டும் ஒரே கலரா? உள்ள நூலு நூலா இருக்குமே, அது நுனியில எப்படி இருக்கு?"

குனிந்து பார்த்தேன். மொட்டு ஒரு நிறம், பூ ஒரு நிறம், நூல் இன்னொரு நிறம். எல்லாவற்றுக்கும் நீலம் என்ற ஒரே வார்த்தைதான் என்னிடம் இருந்தது. கொஞ்சம் வெளிறின நீலம் என்றேன். கொஞ்சம் கறுத்த நீலம் என்றேன். ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. கடையில் வாடிக்கைக்காரர் கேட்கும் சரக்கு இல்லாமல் வேறெதையோ எடுத்து எடுத்துக் காட்டுகிறவன் மாதிரி நின்றேன். தேனீ மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"போன வருசம் எனக்குத் தெரிஞ்சிச்சுங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக வாய் வரைக்கும் வந்து வந்து முழுங்கியது அப்போது வெளியே வந்தது.

"நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

முப்பது வருஷம் அவள் பார்த்த வேலையில், ஊசி குத்தி அழுகிற பிள்ளையிடமும் சரி, தேறாது என்று தெரிந்த நோயாளியிடமும் சரி, "ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்" என்று சொல்லாமல் அவள் நகர்ந்ததில்லை. நான் அதைக் கேட்பதற்காக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஆமாங்க" என்றாள். "வெயில் ஏறுது. எந்திரிங்க, எறங்குவோம்."